நீர்நாயின் வாய்

வாய் வரைவதுதான் கஷ்டம். கண்ணை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். இரண்டு கறுப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விட்டால், எந்தப் பிராணியும் உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும். மூக்கு அதைவிடச் சுலபம். வாய் அப்படி இல்லை. கோடு ஒரு மயிரிழை மேலே போனால் இளிக்கும், ஒரு மயிரிழை கீழே வந்தால் அழும். இரண்டுக்கும் நடுவே, தன் மதிப்பு தனக்குத் தெரிந்த ஒரு பிராணியின் வாய் இருக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் தொழிலிலேயே குறைவு. எனக்குத் தெரியும்.

நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் ஃபேனைப் பற்றியே கேட்கிறீர்கள் சார். அதற்கு வருகிறேன். வாயிலிருந்து ஆரம்பித்தால்தான் ஃபேன் புரியும். இன்று நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் தையல்காரரைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் யாருக்கோ காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உங்கள் மேஜைமேல் கிடக்கும் செய்தித்தாளில் ‘வடிவமைப்புக் கோளாறு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் வந்தேன்.

விளையாட்டுப் போட்டிக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று குழுவில் என்னைக் கேட்டபோது, புலி, கழுகு, காளை என்று ஏற்கெனவே ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். நான் நீர்நாய் என்றேன். ஓடும், நீந்தும், கூட்டமாக விளையாடும். ஒரு பிராணியிலேயே எல்லாப் போட்டியும் அடங்கிவிடும். விலங்குக் காட்சி சாலையில் ஒரு நீர்நாயின் எதிரே போய்ப் போய் உட்கார்ந்தேன். அது மீனைத் தின்று முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முகவாயைக் கொஞ்சம் தூக்கி, வாயை மூடியபடி வேடிக்கை பார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்க்கும். அதைத்தான் வரைந்தேன். மூக்கும் முழியுமாக, வாய் மூடி, தலை நிமிர்ந்து. குழுத் தலைவர் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “கம்பீரமா இருக்கும்மா” என்றார். அதற்கு முன்போ பின்போ என் வேலையைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

படம் தையல்காரரிடம் போனது. பொம்மை உடை தைக்கிறவர். அவருடைய பட்டறைக்குள் நுழைந்தால் பசை நாற்றம் மூக்கைத் துளைக்கும். தலையில்லாத கரடியும் முயலும் கம்பியில் தொங்கும். தலைகள் எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கும். அவர் என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அருமையாக இருக்கிறது என்று மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கட்டைவிரலைப் படத்தின் வாய்மேல் வைத்தார்.

“இங்க தொறந்தாகணும் மேடம். பொம்மைக்கு மூச்சு வேண்டாம். உள்ள இருக்கிறவனுக்கு வேணும்.”

எல்லா விளையாட்டுப் பொம்மையும் ஏன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? அது சந்தோஷம் இல்லை சார். காற்றோட்டம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நாள் நெருங்கிவிட்டது என்றார்கள். அவர் வாயை வெட்டி, உள்ளே கறுப்பு வலை வைத்துத் தைத்துவிட்டார். ஊர் பார்த்தது அந்த ஓட்டையைத்தான். என் படத்தை ஊர் பார்க்கவே இல்லை.

திரையை விலக்கிய அன்று நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு தும்மல் மாதிரி, ஒருவருக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும். சாயங்காலத்துக்குள் எல்லோர் கைப்பேசியிலும் என் நீர்நாய் இருந்தது. பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா என்றார்கள். கண்ணாடி இல்லாமல் பரீட்சை முடிவு பார்க்கிறது என்றார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஒரு பத்திரிகையில் தலையங்கம். நகைச்சுவை இருந்தால் நானும் சிரிப்பேன். ஒன்றிரண்டுக்குச் சிரிக்கவும் செய்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு குப்பைத்தொட்டியை யாரோ பழுப்பு நிறம் அடித்து, காது வைத்து, நீர்நாயாக மாற்றியிருந்தார்கள். வாய்தான் குப்பை போடும் இடம். ஜனங்கள் வரிசையில் நின்று காகிதம் போட்டார்கள். அன்று நான் வாழைப்பழம் தின்றுகொண்டு நடந்து போனேன். தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.

என் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. வாய் என்னுடையது இல்லை என்று நான் வெளியே சொல்ல முடியாது; குழுவின் அனுமதி இல்லாமல் வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அம்மா மட்டும், “ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, விடு” என்றாள். அம்மா சொன்னது சரி. ஊர் வாயை மூட முடியாது.

முதலில் பொம்மைக்குள் இருந்தவர் சீக்கிரமே ஓடிவிட்டார். போகிற இடமெல்லாம் கேலி, அந்த ஓட்டைக்குள் பாப்கார்ன் எறிந்தார்கள், தாங்க முடியவில்லை என்றார். அந்தச் சமயத்தில்தான் தம்பி வேலை கேட்டான். சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி கர்ப்பமாக இருந்தாள். நான்தான் குழுவில் பேசிச் சேர்த்துவிட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கெடுதல் நினைப்பவளாக இருந்தால் சேர்த்துவிட்டிருப்பேனா?

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனுக்கு வீட்டுப் பெயர் வாலு. யாராவது விருந்தாளி வந்தால் அம்மா என்னிடம், “உன் படம் கொண்டு வந்து காட்டு” என்பாள். நான் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் படத்தைப் பார்க்கக் குனியும் நேரத்தில் அவன் எனக்குப் பின்னால் நின்று படத்தில் இருக்கும் முகத்தை அப்படியே தன் முகத்தில் கொண்டுவருவான். ஆடு வரைந்தால் ஆடு. தாத்தா வரைந்தால் தாத்தா. வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போகும்போது அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. குழந்தைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

பொம்மை உடைக்குச் சில விதிகள் உண்டு. உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. பொது இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. அவருக்குச் சரியாகக் கண் தெரியாது என்பதால் துணைக்கு ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். உள்ளே முடியவில்லை என்றால் அந்தக் கையை அழுத்துவார்; உடனே துணை அவரை மறைவுக்கு அழைத்துப்போய்த் தலையைக் கழற்றிவிட வேண்டும். இவ்வளவுதான் விதி. தம்பி முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் காற்றில் பறக்கவிட்டான்.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் மைதானத்துப் படியில் கால் தடுக்கி உருண்டான். வால் அடியில் மாட்டிக்கொண்டதால் எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டினான். கூட்டம் சிரித்தது. அவன் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீர்நாயின் காதாலேயே தன் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் யார்?

அதற்குப் பிறகு நீர்நாய் ஊருக்கே செல்லப்பிள்ளை. நான் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ‘வாயாடி’ என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். வாயைப் பிளந்த பொம்மைகள் கடைகளில் வந்த வேகத்தில் தீர்ந்தன. குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். போகிற இடமெல்லாம் “தலை, தலை” என்று கத்துவார்கள், அவன் கழற்றிக் காட்டுவான், கைதட்டுவார்கள். திட்டியவர்களில் ஒருவர்கூட என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவர்கள் மனம் மாறியிருந்தால்தானே தெரிவிப்பதற்கு? முதலிலும் ஓட்டையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அப்போதும் ஓட்டையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கசந்த சிரிப்பு இனித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அவனைத் தொலைக்காட்சியில் கூப்பிட்டார்கள். அது ஒளிபரப்பானபோது வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அம்மா, அவன் மனைவி, அவன், நான். பேட்டி எடுத்த பெண், எல்லோரும் வெறுத்த ஒரு சின்னத்தை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டாள். திரையில் அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

“எங்கக்கா வரைஞ்சதுங்க. பாவம், எல்லாரும் அவ்வளவு திட்டுனாங்க. நான் கொஞ்சம் கோமாளித்தனம் பண்ணேன், அவ்வளவுதான்.”

பாவம் என்றான். ஊரே திட்டியபோது எனக்குக் கோபம் வந்தது, தூக்கம் போனது, ஆனால் நான் நிமிர்ந்துதான் நடந்தேன். திட்டுகிறவன் நம்மை ஒரு பொருட்டாக மதிக்கிறான். பாவம் என்று சொல்கிறவன் நம்மைத் தரையிலிருந்து பொறுக்கி எடுக்கிறான். அதையும் இத்தனை பேர் பார்க்க, இத்தனை அன்போடு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன் மானத்தைக் காப்பாத்திட்டான்டி” என்றாள். நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினேன்.

நான் பழிவாங்கத் திட்டம் போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் செய்த ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. அவன் தலையைக் கழற்றும்போது சின்னக் குழந்தைகள் மிரண்டு அழுகிறார்கள் என்று சில தாய்மார்கள் குழுவுக்குப் புகார் சொன்னார்கள். அது உண்மை. தொடக்க விழாவில் தலையைக் கழற்றக் கூடாது என்று தலைவரே சொன்னார். அதுவும் உண்மை. அப்படியானால் பிடரியில் கொக்கி வைத்துவிடலாம், துணைக்கு வருபவர் மட்டும் திறக்கிற மாதிரி, என்றேன். ஒப்புக்கொண்டார். எப்படியும் புதுத் தலை செய்கிறோமே, விழாவுக்கு மட்டும் முதல் படத்தில் இருந்த முகத்தை வைக்கலாமா என்று கேட்டேன். அவர் கைப்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார்.

தையல்காரர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. வாயை மூடினால் ஊசியைத் தொடமாட்டேன் என்றார். நான் கோபப்படவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் அதற்கு விடை கண்டுபிடித்தேன். உச்சியில், உரோமத்துக்கு அடியில், சின்னதாக ஒரு ஃபேன். காது வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். முகவாய்க்குக் கீழே வெளியே தள்ளும். அதன் சுவிட்ச் பிடரியில், கொக்கிக்குப் பக்கத்தில். முதல் தலை செய்யும்போதே எனக்கு இது தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் தைக்க உட்கார்ந்தார்.

தலை தயாரானதும் நானே போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டுக்கொண்டு பட்டறை மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண் வலை வழியாகச் செய்தித்தாள் படித்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. “தூங்கிடாதீங்க மேடம்” என்று தையல்காரர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். அதை உங்களிடமும் சொல்லியிருப்பார். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.

“ஃபேன் நின்னுச்சுன்னா அடுத்த நிமிஷம் தலையைக் கழட்டிடணும். யாரு கூட வர்றாங்களோ, அவங்க கை கொக்கியிலயே இருக்கணும்.”

சரி என்றேன். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். இதில் அவருடைய பங்கு அதோடு முடிந்தது.

தம்பி போட்டுப் பார்க்க வந்தான். வழக்கமாகக் கண்ணாடி முன்னால் நின்றதுமே ஏதாவது குரங்குச் சேட்டை செய்வான். அன்று செய்யவில்லை. நீர்நாய் கண்ணாடியில் முகவாயைத் தூக்கியபடி, வாய் மூடி, அசையாமல் நின்றது. வரைந்த நாளிலிருந்து நான் அதை அப்படிப் பார்க்கக் காத்திருந்தேன். கொக்கியைத் திறந்து தலையை எடுத்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“இதுதான் நீ வரைஞ்சதா அக்கா? இவ்வளவு நல்லா இருக்கே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

நான் தலையின் உரோமத்தைக் கையால் நீவிவிட்டேன்.

“ஒரு நாளாவது உன் படம் மாதிரியே நிக்கிறேன். குட்டிக்கரணம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா நீதான் கூட வரணும். நீ கையைப் புடிச்சா எனக்கு பயமில்ல.”

சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போவேன். சாலை கடக்கும்போது வண்டி வந்தால் அவன் கையை அழுத்துவேன், நின்றுவிடுவான். அந்த ஞாபகத்தில் கேட்டிருப்பான். நான் சரி என்றேன். இந்த இடத்தில் நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எதை நிறுத்துவது? அப்போது என் மனதில் ஒன்றுமே இல்லை. சந்தோஷமாக இருந்தேன்.

விழா அன்று நல்ல வெயில். அணிகள் எல்லாம் உள்ளே வந்து நின்ற பிறகு, நாங்கள் ஓடுபாதையில் இரண்டு சுற்று நடந்து வரவேண்டும். முதல் சுற்றில் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நேராக, மெதுவாக, தலை நிமிர்ந்து நடந்தான். கூட்டம் முதலில் குழம்பியது. பிறகு அமைதியாகப் பார்த்தது. சார், நீங்கள் எத்தனையோ கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மைதானம் நிறைய ஜனம் ஒரு முகத்தைப் பார்த்து வாயடைத்துப்போவதைப் பார்த்திருக்கிறீர்களா? முன்வரிசையில் ஒரு அம்மாள் கையிலிருந்த குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றாள். அது எனக்காக.

அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், “உள்ளே யார் தெரியுமா? நம்ம வாயாடிதான்” என்றான்.

அவ்வளவுதான். மைதானம் பழையபடி ஆகிவிட்டது. “தலை, தலை” என்று ஒரு மூலையில் ஆரம்பித்து எல்லா மூலைக்கும் பரவியது. அவன் கொஞ்ச தூரம் பொறுத்துக்கொண்டான். பிறகு இன்னொரு கையைத் தூக்கி அசைத்தான். கூட்டம் குதித்தது. அவன் முழங்கால் மடங்குவது எனக்குத் தெரிந்தது. குட்டிக்கரணம் போடுவதற்கு முன் அப்படித்தான் மடக்குவான். அவனிடம் பேச வேண்டியிருந்தது. ஃபேன் ஓடினால் மெல்லப் பேசுவது உள்ளே கேட்காது. அதனால் பிடரியில் கைவைத்துச் சுவிட்சை அணைத்தேன். காதருகே குனிந்து, “நேரா நில்லு” என்றேன். நேராக நின்றான். என் சொல்லை அவன் தட்டியதே இல்லை.

நீங்கள் முதல் நாள் விசாரித்தபோது, மறுபடி போட மறந்துவிட்டேன் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் இல்லை. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நான் மறக்கவில்லை. இரண்டாவது சுற்று தொடங்கும்போது ஃபேன் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். அது ஓடாதபோது அவன் சேட்டை செய்யவில்லை. அவ்வளவு அழகாக அவன் நடந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தான்.

பாதிச் சுற்றில் கையை அழுத்தினான். நானும் அழுத்தினேன். அவன் மறுபடி அழுத்தினான், இந்த முறை விடாமல். நானும் விடாமல் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்களுக்கு ஒரு நீர்நாயும் ஒரு பெண்ணும் ஆசையாகக் கைகோத்து நடப்பதாகத் தெரிந்திருக்கும். மறுநாள் செய்தித்தாளில் வந்த படமும் அதுதான். உள்ளேயிருந்து “அக்கா” என்று ஒரு தடவை கேட்டது. சின்னம் பேசக் கூடாது என்பது விதி.

அவன் விழுந்தபோது மைதானமே சிரித்தது. அவர்கள் அதற்காகத்தானே காத்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு நான் வரைந்த முகத்தைப் பார்த்து வந்தது இல்லை, அவனைப் பார்த்து வந்தது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். மருத்துவக் குழுவிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் முகத்திலும் சிரிப்பு இருந்தது, என்னைப் பார்த்து நின்றார்கள். “சும்மா நடிக்கிறான், விடுங்க” என்றேன். அவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் மண்டியிட்டு, கொக்கியில் விரலை வைத்துக்கொண்டேன். தையல்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. கொக்கியைத் திறந்தால் தலை வரும், தலை வந்தால் அவன் முகம் வரும். வேர்வையில் ஒட்டிய முடி, அந்த அசட்டுச் சிரிப்பு. அத்தனை பேரும் எழுந்து கைதட்டுவார்கள். அக்கா பாவம், தம்பி மறுபடி காப்பாற்றிவிட்டான் என்பார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு போட்டார்கள். அது முடியும்வரை என் விரல் அங்கேயேதான் இருந்தது.

இப்போது மைதான வாசலில் வாயைப் பிளந்த பொம்மைகளாகக் குவிந்திருக்கின்றன. மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வாயாடியின் வாயை மூடிக் கொன்றுவிட்டார்கள் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் வடிவமைத்த தலைக்குக் கொலைகாரத் தலை என்று பெயர். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “நீ என்னடி பண்ணுவ, நீயும் கூடத்தானே இருந்த” என்று அழுதாள். அவன் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நேற்று ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, வாய் அவனைப் போலவே இருக்கிறது என்றார்கள். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

தையல்காரரை விடுவிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறீர்கள். வேண்டாம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர் தையலில் பிழை இல்லை. ஆனால் நான் வந்தது உங்கள் நிபுணர் கொடுத்த கருத்துக்காக. விழுந்த வேகத்தில் சுவிட்ச் தானாக அணைந்திருக்கும், அதை அந்த இடத்தில் வைத்ததுதான் கோளாறு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரைக் கூப்பிடுங்கள் சார். அந்தத் தலையை இந்த மேஜைமேலிருந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் தரையில் போடச் சொல்லுங்கள். அணையாது. சுவிட்சை உரோமத்துக்கு அடியில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் வைத்திருக்கிறேன். விரல்கூடப் போகாது, நகத்தால் தள்ளினால்தான் அணையும். தவறி அணைந்துவிடக் கூடாது என்றுதான் அப்படி யோசித்து வைத்தேன்.

வடிவமைப்புக் கோளாறு என்று எழுதாதீர்கள். நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த வாய் சரியாகத்தான் வந்திருந்தது.